அருவிக்கு வரும் அண்ணிக்கு

அன்புள்ள அண்ணி,

நடைக்குழுவில் பெயர் கொடுத்துவிட்டு, “எல்லாரும் வேகமாக நடப்பார்களே, நான் பாரமாகிவிட மாட்டேனா?” என்று கேட்டிருந்தீர்கள். இதே தயக்கத்தில் வராமலேயே இருந்துவிடுபவர்கள் பலர். அதனால் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

வேல்ஸ் நடைக்குழுக்களில் வழிகாட்டி ஒருவர் முன்னே போவார். இன்னொருவர் கடைசியில் வருவார். தனக்குப் பின்னால் யாரும் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. அவரோடு நடங்கள். காட்டுக்குள் ஒதுங்க வேண்டியிருந்தால் கூச்சப்படாமல் அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். இல்லையென்றால் நீங்கள் முன்னால் போய்விட்டதாக நினைத்து அவர் நடந்துவிடுவார்.

போகப்போவது பன்னை பிரகெய்னியோக் தேசியப் பூங்கா. பழைய வரைபடங்களில் பிரெக்கன் பீக்கன்ஸ் என்று தேடுங்கள். 2023இல்தான் பூங்கா நிர்வாகம் வேல்ஸ் மொழிப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டது. நம் நடைவழியில் வரும் நான்கு அருவிகளில் மூன்று மெல்ட்டே ஆற்றில் இருக்கின்றன. நான்காவதான ஸ்கூட் அர் ஐரா, ஹெப்ஸ்டே ஆற்றில். என்னைக் கேட்டால் மற்ற மூன்றையும் அவசரமாகப் பார்த்தால்கூடப் பரவாயில்லை, இதற்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் இதன் பின்புறமாக நடக்கலாம். மேலே கெட்டியான மணற்பாறை, அடியில் எளிதில் உதிரும் களிப்பாறை. தண்ணீர் கீழ்ப்பாறையை அரித்துக்கொண்டே போக, மேற்பாறை தாழ்வாரம்போல நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் அடியில்தான் பாதை. ஒரு காலத்தில் ஆடுமாடுகளையும் இவ்வழியே ஓட்டிச் சென்றிருக்கிறார்கள். கைப்பிடி கிடையாது, பாறை வழுக்கும். பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள், சாரலில் அதனால் ஒரு பயனும் இல்லை. துண்டும் வேண்டாம். இது குளிக்கிற அருவி அல்ல. கோடையிலும் தண்ணீர் எலும்பைத் துளைக்கும்.

உண்மையான சோதனை அருவிக்கு இறங்கும் படிக்கட்டுதான். செங்குத்தாக இறங்கும்; திரும்பி வர அதையேதான் ஏறியாக வேண்டும். காலையில் வேகம் காட்டியவர்கள் பாதிவழியில் நின்று, காட்சியை ரசிப்பதுபோல மூச்சு வாங்குவார்கள். அங்கே காட்சி எதுவும் இருக்காது. ஓக் மரங்களும் ஈரப் பாசியும் பெரணியும்தான். ஆனால் அந்தப் பாசிகள் அலட்சியப்படுத்தக் கூடியவை அல்ல. இந்தப் பள்ளத்தாக்குகள் பாதுகாக்கப்படுவதற்கு அவையும் ஒரு காரணம். கடைசியில் நடப்பவருக்குத்தான் அவற்றைக் குனிந்து பார்க்க நேரம் கிடைக்கும்.

கணுக்காலை மூடும் நடைக்காலணி அவசியம். சாதாரண ஓட்டக் காலணி சேற்றில் உதவாது. மழை பெய்து ஆறு பெருகியிருந்தால், அருவிக்குப் பின்னால் போக வேண்டாம் என்று வழிகாட்டி சொல்லிவிடுவார். அன்று அவரிடம் வாதாடாதீர்கள்.

வழியில் கடை எதுவும் இல்லை. சாப்பாடு கட்டிக்கொண்டு வாருங்கள், எனக்கும் சேர்த்து. தயிர்சாதம் மட்டும் வேண்டாம். அந்தக் குளிரில் தொண்டைக்குள் இறங்காது.

இப்படிக்கு,
உங்கள் கொழுந்தன்