பாலாற்று மணல்

அன்புள்ள செல்விக்கு, அப்பா எழுதுவது.

பள்ளிகொண்டாவில் நாங்கள் இருவரும் நலம். உனக்கு உடம்பு சரியில்லை, விடுப்பில் இருக்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. நீ பேசி இருபது நாளாகிறது. வேளைக்குச் சாப்பிடு, பளுவைத் தூக்காதே.

அம்மா கனகாம்பரம்தான் வைப்பாள், மல்லிகையை வீட்டுக்குள் விடமாட்டாள் என்று நீ கேலி செய்வாய். 1984-இல் பெரியவன் எட்டாம் நாள் போன பிறகு, பால் வற்றுவதற்காக உன் பாட்டி அவள் மார்பில் மல்லிகையை வைத்துக் கட்டினாள். அந்த வாசனையை அதற்குப் பிறகு அவளால் தாங்க முடியவில்லை.

ரணஜன்னி என்றார்கள். வாய் இறுகி, பால் குடிக்க முடியாமல் போயிற்று. கர்ப்பத்தில் தடுப்பூசி போட்டிருந்தால் அநேகமாக வந்திருக்காது. வீடு தேடி வந்து சொன்ன நர்சம்மாவிடம் அறுப்பு முடியட்டும் என்று தட்டிக் கழித்தவன் நான். பச்சிளங்குழந்தைகளைக் கொல்லும் அந்த நோய் நம் நாட்டில் ஒழிக்கப்பட்டதாக 2015-இல் செய்தி வந்தபோது, பத்திரிகையை அம்மா கண்ணில் படாமல் மடித்து வைத்தேன்.

பெண்கள் வரக்கூடாது என்றதால், நானும் உன் பெரியப்பாவும் மட்டும் அவனைப் பாலாற்றுக்கு எடுத்துப் போனோம். தலைச்சன் பிள்ளையை மந்திரவாதிகள் தோண்டி விடுவார்கள் என்று அஞ்சி, மணலில் அடையாளம் எதுவும் வைக்காமல், இடத்தை யாரிடமும் சொல்லக்கூடாது என்று பேசிக்கொண்டு திரும்பினோம். அவளிடமும் சொல்லவில்லை. ஒரே ஒரு முறை கேட்டாள். மறந்துவிடு, அடுத்தது பிறக்கும் என்றேன். பிறகு அவள் கேட்கவே இல்லை. மறந்துவிட்டாள் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன், அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது. இடையில் லாரிகள் மணலை அள்ளிப்போய், காட்டுவதற்கு அந்த இடமும் இல்லாமல் போயிற்று.

மாப்பிள்ளை பேசிய அன்று இரவு, விளக்கை அணைத்த பிறகு, "என்ன துணியில் சுற்றினீர்கள்?" என்று கேட்டாள். அவளுடைய பச்சைப் புடவையில் கிழித்தது என்றேன். எந்தப் புடவை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. விடியும்வரை ஒவ்வொன்றாகக் கேட்டாள், நானும் சொன்னேன்.

உன்னிடம் யாரும் மறந்துவிடு என்று சொல்லியிருந்தால், அது என்னைப் போன்றவர்கள் சொல்வது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை காட்பாடியில் ரயில் ஏறலாம் என்கிறாள் அம்மா. வேண்டாம் என்று தோன்றினால் மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு, நாங்கள் தவறாக நினைக்கமாட்டோம். வேளைக்குச் சாப்பிடு.

அப்பா