வேட்டையும் செலவும்

அன்பு மகளுக்கு,

டெக்சாஸ் போன பிறகும் மான் வேட்டையை விடப்போவதில்லை என்று நீ சொன்னதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். மாப்பிள்ளையும் கூட வருகிறாராமே, இன்னும் நல்லது. ஆனால் "கறிச்செலவு மிச்சம்" என்று அவர் போடும் கணக்கை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதை நம்பி இறங்கினால் இரண்டாவது சீசனிலேயே வேட்டை கசந்துவிடும்.

இங்கே விஸ்கான்சினில் உள்ளூர்க்காரர்களுக்குத் துப்பாக்கி மான் லைசன்ஸ் 24 டாலர். யாரும் போய் வேட்டையாடக்கூடிய பொதுக்காடும் நிறைய இருக்கிறது. டெக்சாஸிலும் லைசன்ஸ் 25 டாலர்தான். ஆனால் நிலத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் தனியார் கையில். பண்ணைக்காரரிடம் லீஸ் எடுத்தால் ஒரு சீசனுக்கு ஆளுக்கு ஆயிரம் டாலரைத் தாண்டுவது சர்வசாதாரணம். மான் கிடைக்காவிட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. முதல் வருஷம் லீஸ் பக்கமே போகாதீர்கள். 48 டாலருக்கு மாநிலமே பொது வேட்டை பெர்மிட் தருகிறது. கூட்டம் இருக்கும், பரவாயில்லை. காட்டைப் பழகிக்கொள்ள அது போதும்.

சரி, மான் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். டெக்சாஸின் நடுவே இருக்கும் ஹில் கண்ட்ரி குன்றுப் பகுதி மான் நம் பக்கத்து மானைவிடச் சின்னது. எலும்பு நீக்கினால் 30, 35 பவுண்டு கறி தேறும். வெட்டித்தர வெளியே கொடுத்தால் அதற்கே நூறு டாலருக்கு மேல் ஆகும். பெட்ரோல், தோட்டா, பூட்ஸ் எல்லாம் தனி. வெட்டும் வேலையை நீயே செய். தசைமேல் வெள்ளையாக ஒட்டியிருக்கும் சவ்வின் அடியில் கத்தி முனையை நுழைத்து, சவ்வை ஒரு கையால் இழுத்துப் பிடித்தபடி படுக்கைவசமாக ஓட்டு. கொழுப்பைத் துளியும் விடாதே, மான் கொழுப்பு மெழுகு மாதிரி நாக்கில் ஒட்டும். மானின் மூளையைத் தாக்கிக் கொல்லும் சிடபிள்யூடி நோய் அந்த மாநிலத்திலும் உண்டு. சோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை கறியைத் தனியாக ஃப்ரீசரில் வை.

மிஞ்சியதை விற்கலாமா என்று மாப்பிள்ளை கேட்டால், கூடவே கூடாது என்று சொல். 19ஆம் நூற்றாண்டில் கறிக்கும் தோலுக்கும் சந்தைக்காகச் சுட்டுத் தள்ளித்தான் இந்த நாட்டில் மான் அழியும் நிலைக்கு வந்தது. காட்டுமான் கறி விற்பனையைத் தடுத்த பிறகே அவை பெருகின. 1937 சட்டப்படி ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் வசூலாகும் 11 சதவீத வரி மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. லைசன்ஸ் பணமும் அப்படித்தான். வேட்டைச் செலவில் நான் மனசாரக் கொடுப்பது இந்த இரண்டும்தான். விலை உயர்ந்த ரைஃபிள் உங்களுக்கு இப்போது வேண்டாம். அந்தப் பணத்தில் தோட்டா வாங்கிச் சுட்டுப் பழகுங்கள். குறி தவறிக் காயத்தோடு ஓடும் மானைப் போல வேதனை வேறில்லை.

அப்புறம், அங்கே தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் குடியிருந்தால்தான் 25 டாலர் விலை. அதற்கு முன் வாங்கினால் வெளிமாநிலத்தார் கட்டணம் 315 டாலர். நீங்கள் ஏப்ரலில் போனவர்கள், அக்டோபர் கடைசியில் வாங்குங்கள். பொது சீசன் நவம்பர் முதல் சனிக்கிழமைதான் தொடங்கும். இங்கே நீ வாங்கிய வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் அங்கேயும் செல்லும். மாப்பிள்ளையை இப்போதே வகுப்பில் சேரச் சொல். பைனாகுலர் வாங்காதே, என்னிடம் இரண்டு இருக்கிறது, ஒன்றை அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா