வேப்பமரத்துப் போர்டைக் கழற்றுங்கள், தம்பிகளே

எங்கள் தெரு மண்டகப்படிக் குழுத் தம்பிகளுக்கு,

வணக்கம். கடைசி வீட்டு லைன்மேன் பெரியப்பா எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேரைத் தோளில் தூக்கி வைத்து அழகரைக் காட்டியவன் நான். இதை நேரில் பேசலாம் என்று இரண்டு முறை வந்தேன். இரண்டு முறையும் நன்கொடை ரசீது வேலையில் மும்முரமாக இருந்தீர்கள். அதனால் எழுத்தில் வைக்கிறேன். இதே மாதிரிப் போர்டு பக்கத்துத் தெருக்களிலும் முளைக்கத் தொடங்கிவிட்டதால், எல்லோரும் படிக்கும்படியே வைக்கிறேன்.

டீக்கடைக்கு எதிரே, வேப்பமரத்தில் ஆணி அடித்து ஒரு தகரப் போர்டு மாட்டியிருக்கிறீர்கள். "இங்கு மதம், அரசியல் பேசக் கூடாது. மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்." அதைக் கழற்றிவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

எதற்காக மாட்டினீர்கள் என்பது எனக்குத் தெரியும். சித்திரை முடிந்து இரண்டு வாரம் இருக்கும். பெஞ்சில் நாங்கள் ஆறு பேர். தபால்கார அண்ணன் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். "தங்கச்சி கல்யாணத்துக்கு நேரத்துக்கு வராத அண்ணன் மதுரையில ரெண்டே பேருதான். ஒருத்தர் அழகர், இன்னொருத்தர் எங்க பெரியண்ணன்." இதை முப்பது வருடமாகச் சொல்கிறார், முப்பது வருடமாகச் சிரிக்கிறோம். அன்றைக்கு டீ குடிக்க வந்த யாரோ ஒரு பையன் அதைப் போனில் பிடித்து, சாமியைக் கேலி செய்கிறார்கள் என்று எழுதிப் பரப்பிவிட்டான். மறுநாள் அண்ணனைக் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். இனிமேல் இப்படிப் பேச மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். 71 வயது மனிதர். அதற்கடுத்த நாள் நீங்கள் போர்டை மாட்டினீர்கள்.

தெருவுக்கு வம்பு வரக்கூடாது என்று நினைத்தீர்கள். அந்த அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் போர்டின் கீழே எந்த மனிதரை உட்கார வைத்தீர்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வருடம் தவறாமல் சர்க்கரைச் சொம்பில் சூடம் ஏற்றி, அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு நிற்கிறவர். முழங்கால் வலியோடு மூன்றுமாவடி வரை நடந்துபோய் அழகரைக் கூட்டிக்கொண்டு வருகிறவர். அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்கப் போகிறார் என்று முதல் நாள் ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடப்பார். பச்சை என்றால் அந்த வருடம் விளைச்சல் செழிக்கும் என்பது நம்பிக்கை. பச்சைப் பட்டு என்று தெரிந்துவிட்டால் தனக்கே நாலு ஏக்கர் நஞ்சை இருப்பது போல அவ்வளவு சந்தோஷம். அவருக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது.

அவர் சொன்ன அந்தக் கதை எங்கிருந்து வந்தது? கோயில் வரலாற்றைக் கேட்டால், அழகர் மலையை விட்டு இறங்குவது மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் கொடுக்க. மீனாட்சி கல்யாணத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சைவத் திருவிழாவையும் வைணவத் திருவிழாவையும் திருமலை நாயக்கர் காலத்தில் ஒரே சித்திரையில் கொண்டுவந்து சேர்த்தார்கள். சேர்த்த பிறகு ஜனங்கள் பார்த்தார்கள். இங்கே கல்யாணம் முடிந்துவிடுகிறது, அண்ணன் அப்புறம்தான் ஆற்றுக்கு வந்து சேர்கிறார். அப்படியானால் அண்ணனுக்குத் தாமதமாகிவிட்டது! சீரோடு வந்தவர் நடு ஆற்றில் சேதி கேட்டார், கோபம் வந்துவிட்டது, ஊருக்குள் கால் வைக்காமல் வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிட்டார். இப்படி நம் வீட்டுக் கல்யாணத்தில் நடப்பதையெல்லாம் சாமி தலையில் ஏற்றி, பாட்டன் பாட்டிகள் உட்கார்ந்து பேசிப் பேசிக் கட்டிய கதை அது. இரண்டு கூட்டத்தை ஒரே குடும்பமாக்கியதில் ராஜாவின் உத்தரவுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அந்தப் பேச்சுக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பது என் எண்ணம். கல்யாணத்தன்று சேதுபதி பள்ளியில் விருந்து சாப்பிட்டுவிட்டு மீனாட்சிக்கு மொய் எழுதிவிட்டு வருகிற ஊர் இது. மொய் எழுதுகிறவனுக்கு மாப்பிள்ளை வீட்டையும் பெண் வீட்டையும் பற்றி நாலு வார்த்தை பேச உரிமை இல்லையா?

வண்டியூரில் அழகர் துலுக்க நாச்சியார் வீட்டுக்குப் போகிறார் என்று ஒரு நம்பிக்கை உண்டல்லவா. லைட்செட் பாய் ஒவ்வொரு வருடமும் அதைச் சொல்லிவிட்டுத்தான் நம் பந்தலுக்குச் சீரியல் பல்பு கட்டுவார். "எங்க வீட்டுக்கு வர்றவருக்கு நாங்க வெளிச்சம் போடலேன்னா எப்படி?" இந்த வருடம் கட்டினார். அடுத்த வருடமும் கட்டுவார். ஆனால் இப்போது போர்டைப் பார்த்துவிட்டு டீயைக் கடைக்குள்ளேயே நின்று குடித்துவிட்டுப் போய்விடுகிறார்.

நான் ஏன் இதற்கு இவ்வளவு வாதாடுகிறேன் என்று புரிய, ஒரு பழைய சம்பவத்தைச் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமம். மின் கட்டணம் கட்டாதவர்களின் பட்டியலைக் கையில் கொடுத்து, போய் பீஸைப் பிடுங்கிவிட்டு வா என்று அனுப்பினார்கள். பட்டியலில் நாலாவது பெயர் கருப்பசாமி, பாக்கி 47 ரூபாய். தேடிக்கொண்டு போனால் அது வீடு இல்லை, ஊர் எல்லையில் கோயில். இணைப்பு சாமி பேரிலேயே இருந்தது. ஒற்றைக் குண்டு பல்பு. எனக்குக் கை கால் ஓடவில்லை. சின்ன வயதில் அழகர் கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பன் சன்னதியின் மூடிய கதவைப் பார்த்தாலே அம்மாவின் சேலைக்குள் போய் ஒளிந்துகொள்வேன். வழக்கு வம்பு என்றால் அந்தக் கதவுக்கு முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய எவனுக்கும் தைரியம் வராது என்று கேட்டு வளர்ந்தவன். அந்தக் கருப்பன் பேரில் இருக்கும் பீஸைப் பிடுங்குவதா?

பூசாரியிடம் சொன்னேன். "பட்டியல்ல யாரு பேரு இருக்கு?" என்றார். கருப்பசாமி என்றேன். "அப்ப அவருகிட்டக் கேளுப்பா. எங்கிட்ட எதுக்குக் கேக்குற?" என்றுவிட்டு அரிவாளைத் துடைக்கப் போய்விட்டார். வேறு வழியில்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே போய் நின்று, "ஐயா, 47 ரூபாய் பாக்கி இருக்கு. மேலதிகாரி உத்தரவு" என்று சத்தமாகவே சொன்னேன். வாசல் பெருக்கிக்கொண்டிருந்த கிழவி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "கேட்டுக்கிட்டான்ப்பா. நாளைக்குத் தர்றேங்கிறான்."

ஆபீசில் ஏன் பிடுங்கவில்லை என்று கேட்டார்கள். பார்ட்டி ஒரு நாள் டைம் கேட்டார் என்றேன். மறுநாள் போனேன். உண்டியல் சில்லறை 50 ரூபாயைத் துணியில் முடிந்து வைத்திருந்தாள் கிழவி. "மிச்சம் மூணு ரூபாய்க்கு உன்னை டீ குடிக்கச் சொன்னான் கருப்பன்" என்றாள்.

அன்றைக்குத்தான் எனக்கு அந்தச் சாமியிடம் இருந்த பயம் போய்ப் பாசம் வந்தது. இன்றுவரை வருடம் ஒருமுறை போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறேன். அந்தக் கிழவி கருப்பனைக் கேலி செய்தாள் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். விடியற்காலையில் எழுந்து அந்த வாசலைப் பெருக்குகிறவள் அவள்தான்.

இந்தக் கதையைப் பெஞ்சில் சொன்னபோது, கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த கறுப்புச்சட்டை அண்ணன் ஒரு விஷயம் சொன்னார். சட்டப்படி சாமியும் ஒரு நபராம். சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம். ஆனால் மைனர் மாதிரி, சாமி சார்பில் ஒரு ஆள் வேண்டும். பூக்கட்டும் அக்கா அதைக் கேட்டுவிட்டு, "ஊரைக் காக்கிறவனுக்கே கார்டியனா? பாவம், புள்ள" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அன்று சாயங்காலம் தெருமுனைக் கருப்பனுக்கு வழக்கத்தைவிட இரண்டு முழம் மல்லிகை கூடுதலாகக் கட்டிக்கொண்டு போனாள். சாமியே இல்லை என்று சாதிக்கிற அந்த அண்ணன்தான் வருடா வருடம் நம் பந்தலுக்கு மூங்கில் பிடிக்கிறார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பெஞ்சுக்குச் சட்டதிட்டம் கிடையாது என்று நினைத்துவிட்டீர்கள். உண்டு. எழுதி மாட்டியதில்லை, அவ்வளவுதான். அவரவர் சாமியைப் பற்றி அவரவர் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அடுத்தவர் சாமியைப் பற்றிச் சந்தேகம் கேட்கலாம், மட்டமாகப் பேசக் கூடாது. ஒரு தடவை வெளியூர்க்காரர் ஒருவர் பாயின் தொழுகையைப் பற்றி அசிங்கமாக ஒன்று சொன்னார். முதலில் எழுந்தவர் தபால்கார அண்ணன். "டீயைக் குடிச்சாச்சுல்ல, கிளம்புங்க" என்றார், அவ்வளவுதான். நோன்பு மாதத்தில் விடியும் முன் சாப்பிடும் சஹருக்கு எழுப்ப வேண்டியவர் தூங்கிப்போக, நைட் டூட்டி முடிந்து வந்த நான் போய் அவரை எழுப்பிய கதையைப் பாய்தான் எல்லோருக்கும் சொல்வார். உபதேசியார் ஐயா சொல்கிற கிறிஸ்துமஸ் நாடகக் கதையும் அப்படித்தான். நட்சத்திரத்தில் கரண்ட் போய், மூன்று ஞானிகளும் இருட்டில் மேடையை விட்டிறங்கிப் பார்வையாளர்களுக்குள் போய்விட்டார்களாம்.

அதிகாரிகளைப் பற்றியும் பேசுவோம். ஆவணியில் பிட்டுத் திருவிழாவுக்குப் புட்டுத்தோப்புக்குப் போய்விட்டு வந்தால் ஒரு வாரத்துக்கு அதே பேச்சுதான். வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு போடுகிறான். ஆளில்லாத வந்திக் கிழவிக்காக ஈசனே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைத் தின்றுவிட்டுப் படுத்துத் தூங்குகிறார். ராஜா பிரம்பால் அடிக்கிறான், அடி ராஜா முதுகிலும் ஊர் முதுகிலும் சேர்ந்து விழுகிறது. இதைக் கோயிலிலேயே வருடா வருடம் நடத்திக் காட்டுகிறார்கள். வேலை நேரத்தில் தூங்கிய சாமியையும் ஆளைத் தெரியாமல் அடித்த அரசனையும் தேரோடும் ஊரில் நடுத்தெருவில் வைத்துப் பேசலாம், நம் வேப்பமரத்தடியில் பேசக்கூடாது என்பது எனக்கு ஒப்பவில்லை.

1812 முதல் 1828 வரை மதுரைக் கலெக்டராக இருந்த ரோஸ் பீட்டரைப் பற்றி உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஜனங்கள் பீட்டர் பாண்டியன் என்று கூப்பிட்ட வெள்ளைக்காரர். ஒரு மழை ராத்திரியில் சின்னப் பெண் ஒருத்தி அவரை எழுப்பி வெளியே கூட்டிக்கொண்டு வந்தாளாம், வந்த உடனே அவர் படுத்திருந்த மாளிகையில் இடி விழுந்ததாம். வந்தவள் மீனாட்சிதான் என்று நம்பி, அம்மன் குதிரை வாகனத்தில் வரும்போது கால் வைத்துக்கொள்ளத் தங்கத்தில் அங்கவடி செய்து கொடுத்தார். இதைச் சொன்ன அன்றைக்குத் தபால்கார அண்ணன் பெருமூச்சு விட்டார். "ஆத்தாவுக்குக் கலெக்டரைத் தெரியும். எனக்கு ஆத்தாவைத் தெரியும். அப்புறம் ஏன் என் மனு மட்டும் நகர மாட்டேங்குது?" அவர் பென்ஷன் விஷயமாக அலைந்துகொண்டிருந்த நேரம் அது. அன்று அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சிரிக்க இடம் கிடைக்காமல் போயிருந்தால் வீட்டில் போய் அழுதிருப்பார். எனக்குத் தெரியும். சிரித்து முடித்ததும் குமாஸ்தா அண்ணன்தான் அங்கேயே உட்கார்ந்து அவருக்குப் புது மனு எழுதிக் கொடுத்தார்.

பேசாமல் இருந்தால் வம்பு வராது என்கிறீர்கள். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயரோடு, அதுவரை ஜாதியைச் சொல்லி உள்ளே விடப்படாதிருந்த கக்கனும் மற்றவர்களும் மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தார்களே, அதற்கு முன்னால் இந்த ஊர் எவ்வளவு பேசியிருக்கும்! எத்தனை திண்ணையில், எத்தனை சண்டை! சாமியைப் பற்றிப் பேசக்கூடாது என்று அன்றைக்கும் சிலர் சொல்லித்தான் இருப்பார்கள்.

சரி, உங்கள் பயத்துக்கும் ஒரு வழி வேண்டும். எங்கள் பேச்சு முப்பது வருடமாக ஒரு வம்பையும் இழுக்கவில்லை. இந்த முறை வம்பு வந்தது செல்போனால். யார் சொன்னார், யாரிடம் சொன்னார், என்ன பாசத்தில் சொன்னார் என்பதெல்லாம் போய், பத்து விநாடி மட்டும் ஊரெல்லாம் சுற்றியது. அதனால் போர்டு வேண்டும் என்றால் வேறு போர்டு எழுதுவோம். "பெஞ்சில் பேசுகிறவர்களைக் கேட்காமல் வீடியோ எடுக்காதீர்கள்." பெயிண்ட் செலவு என்னுடையது.

இன்னொன்றும் கேட்கிறேன். தபால்கார அண்ணன் அன்றிலிருந்து வீட்டை விட்டு வருவதில்லை. போன வாரம் போய்ப் பார்த்தேன். சொம்பைத் தேய்த்து அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டார். "இனிமே நான் எதிர்சேவைக்கு வரலாமாப்பா? எழுதிக் கொடுத்திருக்கேனே" என்று கேட்டார். எழுதிக் கொடுத்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றேன். என் பேச்சு அவருக்குப் போதவில்லை. நீங்கள் ஐந்தாறு பேர், குழுவாக அவர் வீட்டுக்குப் போக வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் போகலாம், நானும் வருகிறேன். அதற்கு முன்னால் போர்டு இறங்கியிருந்தால் நல்லது, பெஞ்சைத் தாண்டித்தான் அவரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

ஏணி என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே சாத்தியிருக்கிறது. ஆணியை மரத்தில் ஆழமாக அடித்துவிட்டீர்கள், கையால் வராது. கட்டிங் பிளேயரும் தருகிறேன்.

அன்புடன்,
லைன்மேன் பெரியப்பா