ஐஸ் கம்பெனி வாடை

மதுரை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்தது. மூட்டுவலி குறைந்து காலையில் நடக்கிறாய் என்று படித்ததும் மனசு லேசானது. இங்கே எல்லாரும் சுகம். அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெயில் அடங்கவில்லை.

சிமெண்ட் ஆலையின் கார்பன் புகையை நிறுத்த சோலார் போட்டால் போதாதா என்று உன் பேத்தி கேட்டாளாமே. நாலு நாளாக அதே நினைப்பு. போதாது, மாப்ளே. விருதுநகர் தாண்டி சாத்தூருக்குப் பஸ்ஸில் போகும்போது ஆர்.ஆர். நகர் சிமெண்ட் ஆலையை எத்தனை தடவை பார்த்திருப்போம்! அந்த மாதிரி ஆலைகளில் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல் வேகும்போது கல்லுக்குள்ளிருந்தே வருவது. எரிபொருளை மாற்றலாம், கல்லை என்ன செய்வது? புகைபோக்கிக்குப் போகும் வழியிலேயே பிடித்தால்தான் உண்டு.

பிடிக்க இன்று பெரும்பாலும் அமீன் (அம்மோனியாவிலிருந்து வரும் வேதிப்பொருள்) கரைசல்தான். ஆனால் புகையில் உள்ள ஆக்சிஜனும் கந்தக டை ஆக்சைடும் அதைக் கெடுத்துவிடுகின்றன. பிடித்த வாயுவைப் பிரிக்கச் சுமார் 120 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும், அதற்கு நீராவி நிறையச் செலவாகும். அதற்குப் பதிலாக அம்மோனியாத் தண்ணீர் என்றால் மலிவு, ஆக்சிஜனால் கெடாது. கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து அம்மோனியம் பைகார்பனேட்டாகும். சூடாக்கினால் திருப்பிக் கொடுத்துவிடும்.

சிக்கல் எது தெரியுமா? நம் தெருமுனை ஐஸ் கம்பெனியில் ஒருநாள் ராத்திரி அம்மோனியாக் குழாய் கசிந்து, கண் எரிய ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு ஓடினோமே, அதுதான். அம்மோனியா நிற்காது, பறந்துவிடும். அதனால் கரைசலை நன்றாகக் குளிரவைத்துப் பிடிக்கும் முறையை ஆல்ஸ்டாம் கம்பெனி உருவாக்கி, அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் மவுண்டனியர் அனல்மின் நிலையத்தில் 2009 முதல் 2011 வரை ஓட்டிப் பார்த்தது. ரொம்பவும் குளிர்ந்தால் பைகார்பனேட் உப்பாகப் படிந்து குழாயை அடைக்கும் என்பது வேறு கவலை.

அங்கே குளிர்காலம் பாதி வேலையைச் செய்துவிடும். சித்திரை வெயிலில் நம்மூரில் கரைசலைக் குளிரவைக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படும்! அந்த மின்சாரமும் நிலக்கரியில் வந்தால் பிடித்ததில் ஒரு பங்கு மறுபடி காற்றுக்கே போகும். அம்மோனியா தயாரிப்பதிலும் கார்பன் வெளியாகிறது, அதனால் தப்பிப் போகும் ஒவ்வொரு கிலோவும் இரட்டை நஷ்டம். தப்பியதைக் கந்தக அமிலத்தில் கழுவினால் அம்மோனியம் சல்பேட் உரம் கிடைக்கும், மேலூர் வயலுக்கு ஆகும் என்பது ஒரு ஆறுதல்.

தூத்துக்குடியில் சோடா உப்பு (சலவை சோடா) ஆலை 2016இல் தன் பாய்லர் புகையிலிருந்தே கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து (அது அமீன் வகைக் கரைசல்), அம்மோனியா கலந்த உப்புநீரில் செலுத்திச் சோடா உப்பு செய்யத் தொடங்கியது. ஆண்டுக்கு 60,000 டன் திட்டம். எனக்கு அதில் பெருமைதான். ஆனால் பேத்தியிடம் ஒன்றைச் சொல்லிவிடு: சோடா உப்பு கண்ணாடி உலைக்குப் போனால் அந்த வாயு மறுபடி வெளியே வந்துவிடும். நிரந்தரமாக நிலத்தடியில் அடைப்பதும் இதுவும் ஒன்றல்ல.

நீ உரத் தொழிற்சாலையின் அம்மோனியா பிளாண்டில் 30 வருஷம் நின்றவன். மே மாதம் கூலிங் டவரிலிருந்து வரும் தண்ணீர் எத்தனை டிகிரி காட்டும்? பழைய டைரியைத் தேடிப் பார்த்து எழுது. அந்த எண் கிடைத்தால்தான் குளிரவைக்கும் மின்சாரத்துக்கான என் கணக்கு மேலே நகரும்.

அன்புடன்,
உன் லேப் கூட்டாளி