ஓகே வந்த வழி

ஆசிரியருக்கு வணக்கம். உங்கள் மாணவர் பக்கத்தில், ‘இன்று சாவு இல்லை’ என்ற பொருளில் ‘0 Killed’ என்று போர்முனையில் எழுதிவைத்த பலகையிலிருந்து ‘ஓகே’ வந்ததாகப் படித்தேன். வகுப்பில் பிள்ளைகள் இதைச் சொல்லும்போதெல்லாம் திருத்தியிருக்கிறேன்.

அமெரிக்கச் சொல்லாய்வாளர் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட் 1960களிலேயே பழைய நாளிதழ்களைப் புரட்டி உண்மையைக் காட்டிவிட்டார். 1839 மார்ச் 23 ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ இதழில், ‘ஆல் கரெக்ட்’ (எல்லாம் சரி) என்பதை வேண்டுமென்றே ‘oll korrect’ என்று தப்பும் தவறுமாக எழுத்துக்கூட்டி, முதலெழுத்துகளை ‘ஓ.கே.’ என்று அச்சிட்டிருந்தார்கள். அன்றைய பத்திரிகைக் குறும்பு அது! கூடப்பிறந்த சுருக்கங்கள் பலவும் மறைந்துபோயின. இது பிழைத்ததற்கு 1840 அமெரிக்க அதிபர் தேர்தல் பெரிய காரணம். அதிபர் வான் ப்யூரனின் ஊர் கிண்டர்ஹூக். ஆதரவாளர்கள் அவரை ‘ஓல்டு கிண்டர்ஹூக்’ ஆக்கி அதே எழுத்துகளைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் தோற்றார், சொல் பரவியது.

இதையும் அதே பக்கத்தில் போடுங்கள், பிள்ளைகள் படிக்கட்டும்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை, கும்பகோணம்