ஹெர்மீஸை மூழ்கடித்தது பீரங்கி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரின்போது இலங்கைக் கடற்பகுதியில் நடந்தவை பற்றித் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1942 ஏப்ரலில் ஜப்பானின் ராட்சதப் போர்க்கப்பல்கள் திருகோணமலையைப் பீரங்கிகளால் நொறுக்கிவிட்டு, பிரிட்டனின் விமானம் தாங்கிக் கப்பலான ஹெர்மீஸையும் சுட்டு மூழ்கடித்தன என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அதற்குச் சான்று போல அரைப் பக்கத்துக்கு ஒரு படமும் போட்டிருக்கிறீர்கள். படத்தில் இருப்பது 1959-இல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்த, அதே பெயர் கொண்ட வேறொரு கப்பல். அதுதான் 1987-இல் ‘விராட்’ என்ற பெயரில் நம் கடற்படைக்கு வந்தது. அதன் மேல்தளத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அந்தக் கப்பல் 1942-இலேயே மூழ்கிவிட்டது என்று தாங்கள் அறிவித்துவிட்டதால், என் ஓய்வூதியத்துக்கு ஏதும் பங்கம் வருமோ என்று வீட்டில் கேட்கிறார்கள்.

படத்தைச் சற்று உற்றுப் பார்த்திருந்தாலே போதும். கப்பலின் முன்முனையில் தளம் மேல்நோக்கி வளைந்து நிற்கிறது. குறைந்த தூரமே ஓடி எழும்பும் சீ ஹாரியர் ஜெட் விமானங்களுக்காக 1980-ஐ ஒட்டி அமைத்த சரிவு அது. அந்தச் சரிவின் அடியிலிருந்து பின்முனை வரை நாங்கள் வரிசையாக, தலையைக் குனிந்தபடி மெதுவாக நடப்போம். கீழே கிடக்கும் திருகாணி, கம்பித்துண்டு, உதிர்ந்த பெயின்ட் என எது கண்ணில் பட்டாலும் பொறுக்கிப் பையில் போட்ட பிறகுதான் விமானத்தைக் கிளப்ப அனுமதி கிடைக்கும், ஏனெனில் ஒரு வாஷர் என்ஜினுக்குள் போனாலே விமானமும் விமானியும் போக நேரிடும். வாஷருக்கே அவ்வளவு பாடுபட்டுப் பழகியவனுக்கு, அரைப் பக்கப் படத்தைச் சரிபார்க்கத் தங்கள் அலுவலகத்தில் ஆள் இல்லை என்பதை நம்பச் சிரமமாக இருக்கிறது.

படம் போகட்டும். என்னை உறுத்தியது அந்தப் பீரங்கி வாக்கியம்தான். ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் அணியில் அக்காகி, சோர்யு, ஹிர்யு, ஷோகாகு, ஸுய்காகு என ஐந்து விமானம் தாங்கிக் கப்பல்கள் இருந்தன என்பதும், 14 அங்குலப் பீரங்கிகள் கொண்ட நான்கு பேட்டில்ஷிப்புகள் (பெரும்பீரங்கிப் போர்க்கப்பல்கள்) அவற்றுக்குக் காவலாகவே வந்தன என்பதும் தாங்கள் அறியாதவை அல்ல. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பையும் 9-ஆம் தேதி திருகோணமலையையும் தாக்கியவை விமானங்கள். அந்த நான்கு கப்பல்களின் பீரங்கிக் குண்டு ஒன்றுகூட இலங்கை மண்ணில் விழவில்லை. அவற்றில் ஒன்றான ஹருனாவுக்கு ஹெர்மீஸின் முடிவில் பங்கு உண்டு என்றால், அதுவும் பீரங்கியால் அல்ல, ஹெர்மீஸ் மட்டக்களப்புக்கு அருகில் இருப்பதைக் கண்டு சொன்ன அதன் சிறிய வேவு விமானத்தால்தான்.

ஹெர்மீஸின் கதையே வேறு. விமானம் தாங்குவதற்கென்றே முதன்முதலாக வடிவமைக்கத் தொடங்கிய கப்பல் அது. 1919-இல் நீரில் இறங்கியும் வேலை இழுத்துக்கொண்டே போனதால், 1922 இறுதியில் ஜப்பானின் ஹோஷோ முந்திக்கொள்ள, 1924-இல்தான் இது பணிக்கு வந்தது. தாக்குதல் வரப்போவதை அறிந்து முந்தைய இரவே திருகோணமலையை விட்டுத் தெற்கே ஓடிய இந்தக் கப்பலில், ஜப்பானியர் கண்ணில் பட்ட வேளையில், ஒரு விமானம்கூட இல்லை. அதன் விமானங்கள் திருகோணமலையின் சீனன்குடா விமானத் தளத்தில் கரையில் இருந்தன. செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் டைவ் பாம்பர்கள் வந்து தாக்கியபோது, விமானங்களுக்காகவே பிறந்த கப்பல் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு விமானம் இல்லாமல் நின்றது. உதவிக்கு அனுப்பப்பட்டவை வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 307 பேர் இறந்தார்கள். துணைக்கு வந்த ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வாம்பயரும் மூழ்கியது. உயிர் தப்பியவர்களில் ஏறத்தாழ 600 பேரை வீட்டா என்ற மருத்துவமனைக் கப்பல் கரை சேர்த்தது. இவ்வளவையும் ‘சுட்டு மூழ்கடித்தன’ என்று முடிக்கக் கட்டுரையாளருக்கு எப்படி மனம் வந்ததோ!

இன்னொன்றையும் அவர் விட்டுவிட்டார். அதே நாட்களில் இந்தியப் பெருங்கடலில் பிரிட்டிஷ் கடற்படைக்குத் தலைமை தாங்கிய அட்மிரல் சோமர்வில்லிடம் ஐந்து பேட்டில்ஷிப்புகள் இருந்தன. ஐந்துமே முதல் உலகப் போர்க் காலத்தவை; அவற்றில் நான்கு பெரிதாகப் புதுப்பிக்கப்படாதவை. அவற்றை வைத்துக்கொண்டு அவரால் செய்ய முடிந்தது, மாலத்தீவின் அட்டுத் தீவுக்கூட்டத்தில் ஒதுங்கியிருந்துவிட்டு, அந்த நான்கையும் ஆப்பிரிக்கக் கரைக்கு அனுப்பியது மட்டுமே. அவரைக் கோழை என்று சொல்ல நான் தயாரில்லை. நான்கே மாதங்களுக்கு முன்பு, 1941 டிசம்பர் 10 அன்று, பிரிட்டனின் பெரும் போர்க்கப்பல்களான பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் ரிப்பல்ஸும் மலாயாவின் குவாந்தான் அருகே ஜப்பானிய விமானங்களால் மட்டுமே மூழ்கடிக்கப்பட்டிருந்தன. மேலே தன் விமானம் இல்லாமல் பெரும்பீரங்கியை நம்பிப் போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஜப்பானியருக்கும் அது தெரியும், ஆனாலும் 46 சென்டிமீட்டர் பீரங்கிகளோடு கட்டி வைத்திருந்த யமாத்தோ என்ற பேட்டில்ஷிப்பை 1945 ஏப்ரலில் அனுப்பி, அமெரிக்க விமானங்களிடம் பறிகொடுத்தார்கள்.

பீரங்கியால் எந்த விமானம் தாங்கிக் கப்பலும் மூழ்கியதில்லை என்று நான் சாதிக்க வரவில்லை. 1940 ஜூனில் நார்வே கடலில் ஜெர்மனியின் ஷார்ன்ஹார்ஸ்ட்டும் க்னைஸெனௌவும் பிரிட்டனின் குளோரியஸைச் சுட்டே மூழ்கடித்தன. கட்டுரையாளர் அதைப் படித்துவிட்டு மட்டக்களப்பில் கொண்டுவந்து ஒட்டியிருந்தால் அதையாவது சொல்லியிருக்கலாம்.

இது முதல் தடவையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்த ஜெர்மனியின் எம்டனை, முன்பொரு தீபாவளி மலரில் நீர்மூழ்கிக் கப்பல் ஆக்கினீர்கள். அது கடலின் மேல் போகும் குரூசர். அது பற்றி நான் எழுதிய கடிதம் இதழில் வரவே இல்லை. பின்னர் 1971 போரின் பொன்விழாவில், பழைய விக்ராந்த் சிட்டகாங் துறைமுகத்தைப் பீரங்கியால் அடித்ததாக எழுதினீர்கள். அந்தக் கப்பலில் இருந்த மூத்தவர்களிடம் தொழில் கற்றவன் நான். பாய்லரில் விரிசலோடு, முழு வேகம் எடுக்க முடியாத நிலையில், சீ ஹாக், அலிஸே விமானங்களை எப்படிக் கிளப்பி அனுப்பினார்கள் என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதைப் பற்றிய என் கடிதத்தில் விமானங்களின் பெயர்களை வெட்டிவிட்டு, தங்கள் இதழைப் பாராட்டிய முதல் வரியை மட்டும் வெளியிட்டீர்கள். பெருந்தன்மைக்கு நன்றி. ஆனால் ஒரு கிரிக்கெட் வீரரின் ஓட்டக் கணக்கில் ஒன்று குறைந்தால் மறு இதழிலேயே கட்டம் கட்டி வருத்தம் தெரிவிக்கிறீர்கள்.

பீரங்கியோ விமானமோ, கப்பல் மூழ்கியது மூழ்கியதுதானே என்று தங்கள் உதவி ஆசிரியர் தொலைபேசியில் என்னிடம் கேட்டார். ஜப்பானியர் சென்னையையும் தாக்குவார்கள் என்ற பயத்தில், என் தாயாரின் குடும்பம் அந்த 1942 ஏப்ரலில் மயிலாப்பூர் வீட்டைப் பூட்டிவிட்டு, பாத்திரம் பண்டங்களோடு மன்னார்குடிக்கு ரயிலேறியது. அரசு அலுவலகங்களே உள்நாட்டு ஊர்களுக்கு இடம்பெயர்ந்தன. மிருகக்காட்சி சாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. எம்டன் காலத்தில் பட்டணம் கடலைப் பார்த்துப் பயந்தது, 1942-இல் வானத்தைப் பார்த்துப் பயந்தது என்று என் தாயார் சொல்வார். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அந்த வித்தியாசம் அவருக்குப் புரிந்திருந்தது.

ஆகவே அடுத்த இதழில் ஹெர்மீஸ் விமானத் தாக்குதலில் மூழ்கியது என்று ஒரு வரியும், அதற்குரிய சரியான படமும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பழைய ஹெர்மீஸின் படம் கிடைக்காவிட்டால் என்னிடம் ஒன்று இருக்கிறது, பதிவுத் தபாலில் அனுப்பி வைக்கிறேன். பயன்படுத்திய பின் திருப்பி அனுப்புவதாக எழுத்தில் உறுதி தர வேண்டும். விக்ராந்த் கடிதத்தோடு அனுப்பிய படம் இன்னும் எனக்குத் திரும்பி வரவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
கடற்படை விமானப் பிரிவு (ஓய்வு),
மன்னார்குடி