வெலாரியோன்களுக்காக ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மகளின் தேர்வு முடியட்டும், நிதானமாக உட்கார்ந்து எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். தேர்வு நல்லபடியாக முடிந்தது. உன் தோள்வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வெலாரியோன் குடும்பத்தார், டிராகன்களை வைத்து நாட்டை ஆண்ட டார்கேரியன் அரச குடும்பத்தின் தயவில் பெரிய மனிதர்கள் ஆனவர்கள் என்று எழுதியிருந்தாய். எனக்கு மனசு ஒப்பவில்லை. அதற்காகவே ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘ஃபயர் அண்ட் பிளட்’ என்ற கற்பனை வரலாற்று நாவலை எடுத்து, அவர்கள் வரும் பக்கங்களை மறுபடி படித்தேன்.

டார்கேரியன்களுக்கும் முன்பே பழைய வலீரியா நாட்டிலிருந்து வந்து டிரிஃப்ட்மார்க் தீவில் குடியேறியவர்கள் அவர்கள். டிராகன் கிடையாது; கப்பல்தான் இருந்தது. மற்ற பிரபுக்கள் நிலத்தையும் குடிகளின் வரியையும் நம்பிப் பிழைத்தபோது, இவர்கள் காற்றையும் அலையையும் நம்பினார்கள்.

அந்தக் குடும்பத்தின் தலைவன் கோர்லிஸையே எடுத்துக்கொள். ஆறு வயதில் முதல்முறை கடல் கடந்தான். பதினாறு வயதில் ஒரு மீன்பிடிப் படகுக்குத் தலைவன். அப்புறம் ‘சீ ஸ்நேக்’ என்ற கப்பலில் ஒன்பது பெரும் பயணங்கள். கடைசிப் பயணத்தில் கப்பல் நிறையத் தங்கத்தோடு தூரக் கிழக்கிலுள்ள கார்த் நகரத்துக்குப் போய், மேலும் 20 கப்பல்களை வாங்கி, மசாலாவும் பட்டும் யானைகளும் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறான். பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தவை 14 கப்பல்கள்தான். யானைகளில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. அப்படியிருந்தும் அந்த ஒரு பயணத்தின் லாபம், பெரும் பணக்காரர்களான லானிஸ்டர் குடும்பத்தையே கொஞ்ச காலத்துக்குப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. அந்தப் பணத்தில்தான் ‘ஹை டைட்’ கோட்டையைக் கட்டினான். வெளிறிய கல், வெள்ளித் தகடு வேய்ந்த கோபுரங்கள். ஓதம் ஏறும்போதெல்லாம் சுற்றிலும் தண்ணீர். இதில் டிராகனுக்கு என்ன பங்கு இருக்கிறது, சொல்.

அவனைக் கெடுத்தது சிம்மாசன ஆசை. டார்கேரியன் இளவரசியான மனைவி ரேனிஸுக்குக் கிடைக்காத அரியணை தன் வாரிசுகளுக்காவது கிடைக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க ஏங்கினான். டார்கேரியன்கள் அரியணைக்காகத் தங்களுக்குள் போட்ட உள்நாட்டுப் போரில் ரேனிஸ் செத்தாள். நாவலின் கணக்கில் 130ஆம் ஆண்டு, கல்லெட் என்ற நீரிணையில் நடந்த கடற்போரில் அவனுடைய கப்பற்படையில் மூன்றில் ஒரு பங்கு போனது. ஹை டைட் எரிந்தது. அவன் வளர்த்த ஸ்பைஸ்டவுன் துறைமுகம் சூறையாடப்பட்டு, திரும்ப எழவே இல்லை. ஒன்பது பயணங்களில் சேர்த்ததில் பெரும்பகுதி ஒரே போரில் போய்விட்டது. படிக்கும்போது வயிறு எரிந்தது.

ஆனால் இந்தத் தடவை என் மனசைப் பிடித்துக்கொண்டவள் மரில்டா. டிரிஃப்ட்மார்க்கின் ஹல் ஊரில் கப்பல் கட்டும் ஒருவருடைய மகள். கல்யாணமாகாமலே இரண்டு பிள்ளைகள், ஆடமும் அலினும். தகப்பன் கோர்லிஸின் மகன் லேனோர் என்று அவள் சொன்னாள்; கோர்லிஸேதான் என்று ஊர் கிசுகிசுத்தது. அப்பா இறந்ததும் பட்டறையை விற்று ஒரு சரக்குக் கப்பல் வாங்கி, அதற்கு ‘மவுஸ்’, அதாவது சுண்டெலி, என்று தன் செல்லப் பெயரையே வைத்தாள். போர்க் காலத்தில் அவளிடம் ஏழு கப்பல்கள்! பிள்ளைகள் அவற்றில்தான் வேலை செய்து வளர்ந்தார்கள். கோர்லிஸ் ஒரு படகிலிருந்து தொடங்கிய அதே வழி. அதனால்தான் எனக்கு அவள் எல்லோரையும்விடப் பெரிய வெலாரியோனாகத் தெரிகிறாள், அந்தப் பெயர் அவளுக்குக் கிடைக்காவிட்டாலும்.

132இல் கோர்லிஸ் இறந்தபோது உடலை டிரிஃப்ட்மார்க்குக்குக் கொண்டுபோன கப்பலை ஓட்டியது யார் தெரியுமா? மரில்டாதான். பிறகு பழைய சீ ஸ்நேக்கை மறுபடி மிதக்கவிட்டு, ஆழ்கடலுக்கு இழுத்துப்போய், அதனோடு சேர்த்தே அவனைக் கடலில் இறக்கினார்கள்.

அதற்கு முன்பே போரின்போது ஆடமுக்கு நடந்தது இன்னும் கொடுமை. அவன் துரோகி என்று, போரில் கோர்லிஸ் ஆதரித்த ராணி ரேனிரா சந்தேகப்பட்டாள். அவனுக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்ததற்காகக் கிழவன் கோர்லிஸ் சிறைக்குப் போனான். தப்பிப் போன பையன் ஓடி ஒளியவில்லை. படை திரட்டி அதே ராணிக்காக டம்பிள்டன் ஊரில் சண்டை போட்டுச் செத்தான். எட்டு வருஷம் கழித்து அலின் அண்ணனின் எலும்புகளை ஹல்லுக்குக் கொண்டுவந்து கல்லறை எழுப்பினான். அதில் விசுவாசமானவன் என்று ஒரே ஒரு சொல். அதைத் தாங்கியபடி ஒரு பக்கம் குடும்பச் சின்னமான கடற்குதிரை, இன்னொரு பக்கம் ஒரு சுண்டெலி. அப்பன் வழிப் பெருமைக்குச் சமமாக அம்மாவையும் அங்கே வைத்துவிட்டான் பார், அந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது எனக்கு.

அலினின் ஆறு பயணங்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். அதற்குள் நீ கல்லெட் போர்ப் பகுதியை ஒருமுறை படித்துவிடு. அத்தனை டிராகன்கள் பக்கத்திலேயே இருந்தும் ஸ்பைஸ்டவுனை ஏன் காப்பாற்ற முடியவில்லை என்று உனக்குத் தோன்றுவதை எழுது. தோளுக்கு மருத்துவரைப் பார்த்தாயா இல்லையா என்பதையும் மறைக்காமல் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்